வாசகர் கேள்வி–பதில்: நெடுந்தூர விமானமும் அதன் எஞ்சினும்

ஏர் இந்தியா 2023-இல் வாங்க முடிவு செய்த நெடுந்தூர விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அக்கட்டுரையில் எஞ்சின் ஒப்பந்தங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைக் குறித்தே கேட்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எஞ்சினை விமானத் தயாரிப்பாளரே பொருத்தித் தருவார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஏர் இந்தியா ரோல்ஸ் ராய்ஸிடமும் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டது ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: கார் வாங்குகிறவர் எஞ்சினுக்குத் தனியே விலை பேசுவதில்லை என்பதால் இந்த ஐயம் இயல்பானது. விமானத் தொழிலில் வழக்கம் வேறு. ஒரு விமானத்துக்கு இரண்டு அல்லது மூன்று வகை எஞ்சின்கள் அங்கீகரிக்கப்பட்டிருந்தால், எது வேண்டும் என்பதை விமான நிறுவனமே முடிவு செய்து, எஞ்சின் தயாரிப்பாளரோடு நேரடியாக விலை பேசுகிறது. ஒரே வகை எஞ்சின்தான் உண்டு என்னும் விமானங்களிலும்கூட, அந்த எஞ்சினை அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு யார் பராமரிப்பது, உதிரி எஞ்சின்கள் எத்தனை, என்ன கட்டணம் என்ற பேரமெல்லாம் எஞ்சின் தயாரிப்பாளரோடுதான் நடக்கிறது.

ஏர் இந்தியாவின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். அந்நிறுவனம் 34 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்காக 68 டிரென்ட் எக்ஸ்டபிள்யூபி-97 எஞ்சின்களையும், 6 ஏ350-900 விமானங்களுக்காக 12 டிரென்ட் எக்ஸ்டபிள்யூபி-84 எஞ்சின்களையும் ரோல்ஸ் ராய்ஸிடம் கேட்டது. 20 போயிங் 787-9 விமானங்களுக்கு 40 ஜிஇஎன்எக்ஸ் எஞ்சின்களையும், 10 போயிங் 777-9 விமானங்களுக்கு 20 ஜிஇ9எக்ஸ் எஞ்சின்களையும் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் கேட்டது. இந்த நான்கு எஞ்சின் வகைகளில் ஏர் இந்தியா உண்மையிலேயே தேர்ந்தெடுத்தது ஒன்றைத்தான். 787 விமானத்துக்கு மட்டுமே ரோல்ஸ் ராய்ஸின் டிரென்ட் 1000, ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜிஇஎன்எக்ஸ் என்று இரண்டு வகை எஞ்சின்கள் உண்டு. ஏற்கெனவே தன்னிடம் பறந்துகொண்டிருக்கும் 787-8 விமானங்களில் ஜிஇஎன்எக்ஸ் இருந்ததால், ஏர் இந்தியா அதையே தொடர்ந்தது. ஏ350 வேண்டும் என்று முடிவெடுத்த கணமே ரோல்ஸ் ராய்ஸும், 777-9 வேண்டும் என்று முடிவெடுத்த கணமே ஜெனரல் எலெக்ட்ரிக்கும் கூடவே வந்துவிடுகின்றன.

கேள்வி: நான் முதன்முதலில் விமானம் ஏறியது ஏர் லங்காவின் டிரைஸ்டாரில். அவ்வளவு நல்ல விமானம் ஏன் அதிகம் விற்கவில்லை? அதற்கும் எஞ்சினுக்கும் தொடர்புண்டு என்று ஒருவர் சொன்னார். (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். லாக்ஹீட் நிறுவனம் டிரைஸ்டாரை ரோல்ஸ் ராய்ஸின் ஆர்பி211 என்ற ஒரே எஞ்சின் வகையை நம்பி வடிவமைத்தது. அந்த எஞ்சினின் முன்விசிறியைக் கார்பன் இழையால் செய்ய ரோல்ஸ் ராய்ஸ் முயன்றது. எடை வெகுவாகக் குறைந்தது, ஆனால் பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்கும் சோதனையில் அந்த விசிறி சிதறிப்போனது. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு கட்டுமீறி, 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. பிரிட்டிஷ் அரசு அந்நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் லாக்ஹீடைக் காப்பாற்ற 25 கோடி டாலர் கடனுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. அந்த மசோதா செனட்டில் 49-க்கு 48 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

இதற்கிடையே போட்டி விமானமான டிசி-10 ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினோடு 1971 ஆகஸ்டிலேயே சேவைக்கு வந்துவிட்டது. டிரைஸ்டார் வந்தபோது 1972 ஏப்ரல். மொத்தம் 250 டிரைஸ்டார்கள்தான் கட்டப்பட்டன. விமானத்தின் மேல் குறை சொன்னவர் எவருமில்லை. ஆர்பி211-உம் பிற்பாடு மிக நல்ல எஞ்சின் என்று பெயரெடுத்தது; இன்றைய டிரென்ட் எஞ்சின்கள் அனைத்தும் அதன் வழிவந்தவையே. டிரைஸ்டாருக்குத்தான் அந்தப் பெயர் காலத்தில் உதவவில்லை.

கேள்வி: டிரைஸ்டாருக்கு அப்படி நேர்ந்த பிறகும், இன்று ஏ350, 777எக்ஸ் (777-9 அடங்கிய வரிசை), ஏ330நியோ எல்லாமே ஒற்றை எஞ்சின் தயாரிப்பாளரை நம்பியிருப்பது எப்படி? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இடையில் ஒரு கால் நூற்றாண்டு நிலைமை நேர்மாறாகவே இருந்தது. போயிங் 747 பிராட் அண்ட் விட்னி எஞ்சினோடு மட்டும் 1970-இல் வந்தாலும், பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் ரோல்ஸ் ராய்ஸும் அதில் இடம்பிடித்தன. 1995-இல் போயிங் 777 வந்தபோது மூன்று நிறுவனங்களும் அதற்கு எஞ்சின் செய்தன. முதலில் பறந்த யுனைடெட் பிராட் அண்ட் விட்னியையும், அடுத்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜிஇ90-ஐயும், தாய் ஏர்வேஸ் ரோல்ஸ் ராய்ஸின் டிரென்ட் 800-ஐயும் எடுத்தன. விமான நிறுவனங்களுக்கு அது பொற்காலம். மூவரையும் ஒருவரோடொருவர் மோதவிட்டு விலையைக் குறைத்தன. எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கோ அது பெருஞ்சுமை. ஒரு புதிய பெரிய எஞ்சினை உருவாக்கப் பல நூறு கோடி டாலர் செலவாகிறது. ஒரே விமானத்தின் விற்பனையை மூன்றாகப் பங்கிட்டால் ஒருவருக்கும் போட்ட முதல் திரும்புவதில்லை.

திருப்பம் 1999-இல் வந்தது. 777-இன் இன்னும் பெரிய, இன்னும் தொலைவு பறக்கும் வகைகளைப் போயிங் திட்டமிட்டபோது, ஜெனரல் எலெக்ட்ரிக் உருவாக்கச் செலவில் பங்கேற்க முன்வந்து, அதற்கு ஈடாகத் தன் எஞ்சின் மட்டுமே அந்த விமானங்களில் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றது. அப்படிப் பிறந்ததுதான் ஜிஇ90-115பி. அதன் முன்விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர், விசிறியின் நடுவில் உயரமான ஆள் ஒருவர் கையை மேலே நீட்டி நின்றாலும் தலைக்கு மேல் இடம் மிஞ்சும். உந்துவிசை 1,15,000 பவுண்டு. அந்த எஞ்சினோடு 2004-இல் சேவைக்கு வந்த 777-300இஆர் 800-க்கும் மேல் விற்றது. பழைய 777-இல் ரோல்ஸ் ராய்ஸுக்குப் பின்னால் நின்ற ஜெனரல் எலெக்ட்ரிக், இந்த ஒரே ஒப்பந்தத்தால் நெடுந்தூர விமானச் சந்தையின் நடுநாயகமாயிற்று.

இதன் விளைவு எதிர்முகாமிலும் எதிரொலித்தது. ஏர்பஸ் 2006-இல் ஏ350-ஐப் புதிதாக வரைந்தபோது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஞ்சினையும் விரும்பியது. அந்த வரிசையின் சிறிய வகைகளுக்கு எஞ்சின் தர ஜெனரல் எலெக்ட்ரிக் தயாராகவே இருந்தது. பெரியதான ஏ350-1000-க்கு மட்டும் மறுத்துவிட்டது, ஏனென்றால் அது தன் எஞ்சின் தனியுரிமையோடு பறக்கும் 777-300இஆர் விமானத்துக்கே போட்டியாக வரும். ஏர்பஸ்ஸோ எல்லா வகைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டது. பேச்சு முறிந்து, ரோல்ஸ் ராய்ஸ் தனித்து நின்றது. இன்றைக்கு ஏ350-1000 வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் எஞ்சினில் தேர்வு இல்லாமல் போனதற்கு, போயிங் விமானத்துக்காக 1999-இல் போட்ட ஓர் ஒப்பந்தமும் காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: 'பறக்கும் மணிக்கு இவ்வளவு' என்று எஞ்சினுக்குக் கட்டணம் கட்டுவதாகப் படித்தேன். அது எப்படி நடக்கிறது? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: இந்த முறையை 1962-இல் பிரிஸ்டல் சிட்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தன் வைப்பர் எஞ்சினுக்காக, ஒரு சிறிய வணிக ஜெட் விமானத்தின் உரிமையாளர்களைக் கருதித் தொடங்கியது. அந்நிறுவனம் பிற்பாடு ரோல்ஸ் ராய்ஸோடு இணைந்தது. எஞ்சின் எத்தனை மணி நேரம் பறந்ததோ அத்தனைக்கும் ஒரு நிலையான தொகையை விமான நிறுவனம் கட்டுகிறது. எஞ்சினைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புவது, தேய்ந்த பாகங்களை மாற்றுவது, பெரும்பாலும் இடைக்காலத்தில் உதிரி எஞ்சின் தருவது எல்லாம் தயாரிப்பாளரின் பொறுப்பாகிறது.

நெடுந்தூர விமானங்களில் இது ஏன் வேரூன்றியது என்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் விற்பனையில் தயாரிப்பாளருக்கு இலாபம் மிகக் குறைவு, சில வேளைகளில் நட்டமே. அவர் சம்பாதிப்பதெல்லாம் பின்னால் வரும் பராமரிப்பில். ஆகவே ஓர் எஞ்சின் இறக்கையிலிருந்து கழற்றப்படாமல் எத்தனை ஆண்டுகள் பறக்கிறதோ அத்தனைக்கு அவருக்கும் ஆதாயம், விமான நிறுவனத்துக்கும் ஆதாயம். எதிர்பார்த்ததில் பாதிக் காலத்திலேயே கழற்ற நேர்ந்தால் இருவருக்குமே அடி விழும். பணிமனைச் செலவைத் தயாரிப்பாளர் ஏற்பார் என்று ஒப்பந்தம் சொன்னாலும், எஞ்சின் இல்லாமல் தரையில் நிற்கும் விமானத்தால் இழந்த பயணச்சீட்டு வருமானத்தை எந்த ஒப்பந்தமும் முழுதாக ஈடுகட்டுவதில்லை. எரிபொருள் சிக்கனத்தில் ஒரு விழுக்காடு கூடுதல் என்று விற்பனையாளர் சொல்வதை விட, 'இறக்கையில் எத்தனை ஆயிரம் மணி நேரம்' என்ற கேள்விக்கு அவர் எழுத்தில் தரும் பதிலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: ஒரு எஞ்சினின் உண்மையான விலை என்ன? (வாசகர், மதுரை)

பதில்: பட்டியல் விலையில் எவரும் வாங்குவதில்லை. கைமாறும் தொகை வெளியே வருவதுமில்லை. விலையோடு வேறு பல சேர்ந்தே பேசப்படுவதும் ஒரு காரணம். 1991-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் 777 விமானங்களுக்குச் சொந்த நாட்டு ரோல்ஸ் ராய்ஸை விட்டு ஜிஇ90-ஐத் தேர்ந்தெடுத்து, பிரிட்டனில் பெருஞ்சலசலப்பை எழுப்பியது. அதே சமயத்தில் வேல்ஸில் இருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் எஞ்சின் பணிமனையை ஜெனரல் எலெக்ட்ரிக் விலைக்கு வாங்கியது. எஞ்சினின் விலை எது, பணிமனையின் விலை எது என்று அப்படிப்பட்ட ஏற்பாட்டில் பிரித்துச் சொல்ல இயலாது.

கேள்வி: இரண்டு வகை எஞ்சின்களுக்கு இடமுள்ள 787-இல், ஒரு வகை பழுதென்று தெரிந்தால் கழற்றிவிட்டு மற்றதைப் பொருத்திக்கொள்ளலாமே? (வாசகி, விருதுநகர்)

பதில்: போயிங் 787-ஐ அறிமுகப்படுத்தியபோது ஏறக்குறைய இதையே சொன்னது. இரண்டு வகை எஞ்சின்களும் இறக்கையோடு ஒரே விதமான இணைப்பைக் கொண்டிருக்கும், வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம், குத்தகைக்கு விடுவோருக்கு இது பெரிய வசதி என்றெல்லாம் பேசப்பட்டது. நடைமுறையில் விமான நிறுவனங்கள் அப்படி மாற்றிக்கொள்வதில்லை. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது. மென்பொருள், உதிரிபாகக் கிடங்கு, பொறியாளர் பயிற்சி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஏர் நியூசிலாந்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2017 டிசம்பர் 5 அன்று ஆக்லாந்திலிருந்து டோக்கியோ புறப்பட்ட அதன் 787, டிரென்ட் 1000 எஞ்சின் பழுதால் திரும்பியது. மறுநாளே புவனஸ் அயர்ஸ் புறப்பட்ட இன்னொரு 787-உம் அவ்வாறே திரும்பியது. அந்த எஞ்சின் வரிசையில் அப்போது இரண்டு குறைகள் வெளிப்பட்டிருந்தன. டர்பைனின் (சூடான வாயுவால் சுழலும் பகுதி) ஓர் இடத்திலுள்ள பிளேடுகளைக் காற்றிலிருக்கும் கந்தக மாசு எதிர்பார்த்ததை விட விரைவாக அரித்தது. கம்ப்ரஸர் (உள்ளே வரும் காற்றை அழுத்தும் பகுதி) பிளேடுகளில் அதிர்வால் விரிசல் கண்டது. 2018 ஏப்ரலில் ஒழுங்குமுறை அமைப்புகள், பாதிக்கப்பட்ட எஞ்சின்களோடு பறக்கும் 787 விமானங்கள் அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து 330 நிமிடத் தொலைவு வரை விலகிப் பறக்கலாம் என்றிருந்த அனுமதியை 140 நிமிடமாகக் குறைத்தன. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்றை நம்பிப் பறக்க வேண்டிய நேரம் அது. பசிபிக் பெருங்கடலின் நடுவே 140 நிமிடத்துக்குள் இறங்க எல்லா இடத்திலும் ஓடுதளம் கிடைப்பதில்லை. ஏர் நியூசிலாந்து வேறு நிறுவனங்களின் விமானங்களை வாடகைக்கு எடுத்துப் பறந்தது.

தன்னிடமிருந்த 787 விமானங்களின் எஞ்சினை அது மாற்றவில்லை, மாற்றவும் முடியவில்லை. அடுத்து வாங்கிய விமானங்களில்தான் தன் முடிவைக் காட்டியது. 2019 மே மாதத்தில் 8 போயிங் 787-10 விமானங்களுக்கு ஆணை கொடுத்தபோது ஜிஇஎன்எக்ஸைத் தேர்ந்தெடுத்தது. 787-ஐ 2011-இல் முதன்முதலாகப் பறக்கவிட்டதும், அதற்கு டிரென்ட் 1000-ஐத் தேர்ந்தெடுத்ததுமான ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸும் 2020-இல் கூடுதல் 787-களுக்கு ஜிஇஎன்எக்ஸுக்கே போனது. இரண்டு வகை எஞ்சின்கள் இருப்பதன் நன்மை இதுதான்: ஏற்கெனவே வாங்கியதைத் திருத்த முடியாவிட்டாலும், விமானத்தைக் கைவிடாமலே அடுத்த ஆணையில் எஞ்சினைக் கைவிடலாம். ரோல்ஸ் ராய்ஸ் அதன்பின் பிளேடுகளை மறுவடிவமைத்து, இறக்கையில் தங்கும் காலத்தை இரட்டிப்பாக்கும் மேம்பாடுகளுக்கு உழைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். போட்டியாளர் அருகில் நின்றதும் அதற்கு ஒரு தூண்டுகோல் என்றே நம்புகிறேன்.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். எமிரேட்ஸ் ஏ350-900 வாங்குகிறது, ஆனால் பெரிய ஏ350-1000 வேண்டாம் என்கிறது. மணல்தான் காரணமா? (வாசகர், துபாய்)

பதில்: மணலை விட நுண்தூசி என்று சொல்வது பொருத்தம். வளைகுடாக் காற்றில் மிதக்கும் தூசியில் கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் சேர்மங்கள் இருக்கின்றன. எஞ்சினின் மிக வெப்பமான பகுதிக்குள் அந்தத் தூசி உருகி, டர்பைன் பிளேடின் மேல் கண்ணாடிப் பூச்சைப் போல் படிகிறது. அந்தப் பிளேடு ஒற்றைப் படிகமாக வார்க்கப்பட்ட நிக்கல் கலவை. அதன் உலோகம் உருகும் வெப்பத்தை விட அதிக வெப்பமான வாயு அதன் மேல் பாய்கிறது. மேலே பூசிய பீங்கான் பூச்சும், ஊசிமுனைத் துளைகள் வழியாகக் கசிந்து மேற்பரப்பில் படரும் குளிர்ந்த காற்றும் சேர்ந்துதான் பிளேடைக் காக்கின்றன. கண்ணாடிப் படிவு பூச்சை உரித்து, துளைகளை அடைத்துவிட்டால் பிளேடு வெந்துபோகிறது.

ஏ350-1000-இன் எக்ஸ்டபிள்யூபி-97 எஞ்சின், சிறிய எக்ஸ்டபிள்யூபி-84-இன் அதே விட்டமுள்ள முன்விசிறியைக் கொண்டே 97,000 பவுண்டு உந்துவிசையைத் தர வேண்டியிருப்பதால், அதன் உட்பகுதி கூடுதல் வெப்பத்தில் இயங்குகிறது. குளிர்ந்த நாடுகளில் அதற்கு இடமுண்டு. 45 டிகிரி வெயிலில், தூசி நிறைந்த ஓடுதளத்தில் நிறைபாரத்தோடு எழும்பும் விமானத்துக்கு அந்த இடம் சுருங்குகிறது. எமிரேட்ஸின் தலைவர் டிம் கிளார்க் 2023 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் இந்த எஞ்சினின் தாங்குதிறன் தங்களுக்குப் போதாது என்று வெளிப்படையாகக் கூறினார். அதே கண்காட்சியில் 15 ஏ350-900 விமானங்களைக் கூட்டி மொத்தத்தை 65 ஆக்கியதோடு, 90 போயிங் 777எக்ஸ் விமானங்களுக்கும் ஆணை கொடுத்தார். எஞ்சினில் குறைபாடு என்ற கருத்தை ரோல்ஸ் ராய்ஸ் மறுத்தது. ஆயினும் தன் டிரென்ட் எஞ்சின்களின் ஆயுளைக் கூட்ட 100 கோடி பவுண்டு முதலீட்டை அறிவித்தது. கத்தார் ஏர்வேஸும் எதிஹாடும் அதே வெயிலில் ஏ350-1000-ஐ இயக்கிவருகின்றன. ஆகவே வளைகுடாவில் அது பறக்கவே முடியாது என்று பொருளில்லை. பராமரிப்பு எத்தனை முறை, அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறுபடுகிறது. ஏ350-1000-க்கு இரண்டாவது எஞ்சின் வகை ஒன்று இருந்திருந்தால் எமிரேட்ஸ் அதை வாங்கியிருக்கக்கூடும். எஞ்சின் பிடிக்காதபோது விமானத்தையே விட வேண்டியதாயிற்று.

கேள்வி: இண்டிகோவும் ஏ350-900 வாங்குகிறது. ஏ320நியோ எஞ்சின் பழுதால் அடிபட்ட நிறுவனம், மாற்றே இல்லாத ஓர் எஞ்சினை நம்புவது சரியா? (வாசகர், சென்னை)

பதில்: இண்டிகோ தன் குறுந்தூர விமானங்களில் பிராட் அண்ட் விட்னி எஞ்சினோடு தொடங்கி, 2019-இல் 280 விமானங்களுக்குச் சிஎஃப்எம் எஞ்சினுக்கு மாறியது. அந்த மாற்றம் சாத்தியமானது ஏ320நியோவுக்கு இரண்டு வகை எஞ்சின்கள் இருந்ததால். ஏ350-இல் அந்த வழி இல்லை. 2024 ஏப்ரலில் 30 விமானங்கள் என்று தொடங்கிய இண்டிகோ, 2025-இல் அதை 60 ஆக உயர்த்தியிருக்கிறது. எஞ்சின் எக்ஸ்டபிள்யூபி-84 என்பதில் எனக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. அது 2015 முதல் பல நாடுகளில் பறந்து அனுபவப்பட்டது, பெரிய 97-ஐப் போல் எல்லைக்கு அருகில் இயங்குவதில்லை.

தேர்வு இல்லாத இடத்தில் ஒப்பந்தம்தான் காப்பு. 60 விமானங்கள் என்றால் இறக்கையில் 120 எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பணிமனைக்குப் போகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 எஞ்சின்கள் கழற்றப்படும். இந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் பணிமனைகள் சிங்கப்பூர், ஹாங்காங், ஜெர்மனி போன்ற இடங்களில் இருக்கின்றன. போய்த் திரும்ப மூன்று மாதமானால் எந்நேரமும் 6 எஞ்சின்கள் வெளியே இருக்கும். பாகத் தட்டுப்பாட்டால் அது ஆறு மாதமானால் 12. தூசியால் ஐந்தாண்டு இரண்டரை ஆண்டாகக் குறைந்தால் 24. உதிரி எஞ்சின்கள் 6 மட்டுமே கையிலிருக்கும்போது 24 வெளியே போனால், 9 விமானங்கள் எஞ்சின் இல்லாமல் தில்லியிலும் மும்பையிலும் நிற்கும். அந்த 18 எஞ்சின்களை ரோல்ஸ் ராய்ஸ் தருமா, தராவிட்டால் நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பீடு கட்டும் என்பதை, முதல் விமானம் வந்து இறங்குவதற்கு முன்பே இண்டிகோ எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.